ஒன்றான சபைகளும் இரண்டான கல்லறைகளும்

இருபத்தெட்டு ஆண்டுகள் பேசினார்கள்! பாலகன் பிறந்து, பள்ளி சென்று, மீசை முளைத்து, மணம் முடித்து, தானும் ஒரு தகப்பனாகிற காலம் அது. அத்தனை காலமும் எதைப் பேசினார்கள்? சபைக்கு அத்தியட்சர் வேண்டுமா, வேண்டாமா? அத்தியட்சர் தலையில் கைவைத்துப் பட்டம் தராத குருவானவர் கொடுக்கும் அப்பமும் ரசமும் செல்லுமா, செல்லாதா? முன்பே பட்டம் பெற்றவருக்கு மறுபடி பட்டம் சூட்டுவதா, கூடாதா? கடிதங்கள் கப்பலேறின, கண்டனங்கள் கப்பலில் திரும்பி வந்தன, கூட்டங்கள் கூடின, கலைந்தன, மீண்டும் கூடின. 1919 மே மாதம் தரங்கம்பாடிக் கடற்கரையில் தொடங்கிய அந்தப் பேச்சு, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் முடிந்தது. ஆங்கிலிக்கன் சபையும், மெதடிஸ்ட் சபையும், 1908இலேயே வேறு சபைகள் சில கலந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை எனப் பெயர் பூண்டன.

நாளைக் கவனியுங்கள். நாடு விடுதலை பெற்று நாற்பத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வடக்கே, மதத்தின் பேரால் மனிதன் மனிதனை வெட்டிக் கொண்டிருந்தான். இரயில் வண்டிகள் பிணங்களைச் சுமந்து வந்தன. தெற்கே, நேற்றுவரை ஒரே மேசையில் அமர மறுத்தவர்கள் அமர்ந்தார்கள்! அத்தியட்சர் என்ற பதவியே இல்லாத ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின், முப்பத்தேழாம் வயதில் மதுரைக்கு அத்தியட்சரானார். பிடிவாதம் பிறப்புரிமை என்றிருந்தவர்கள் எவ்வளவு தூரம் இறங்கி வந்தார்கள் என்பதற்கு இந்த ஒன்று போதும்.

ஆண்டவனைப் பற்றி அவர்களுக்கும் நமக்கும் வழக்கு உண்டு. அது வேறு மேடை. நல்லது நடந்தால் நல்லது என்று சொல்ல நமக்கு நா கூசியதில்லை.

தரங்கம்பாடியில் கூடியவர்கள் 33 பேர். இருவரைத் தவிர அனைவரும் இந்நாட்டவர். கூட்டியவர்களில் முதல்வர், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல்லுக்கு அத்தியட்சராகி, அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் என்ற பெயர் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவர்கள் சொன்னதன் சாரம் இது: இந்தப் பிளவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, எங்கிருந்தோ கொண்டுவந்து எங்கள் தலையில் சுமத்தினார்கள், இதைச் சுமந்து திரிய எங்களுக்கு விருப்பமில்லை. நியாயந்தானே? எட்டாம் ஹென்றி என்ற மன்னன் மனைவியைத் தள்ளிவைக்க நினைத்தான் என்பதற்காக, நாலு நூற்றாண்டு கழித்துத் திருநெல்வேலிக் குடியானவன் ஏன் அடுத்த தெருக்காரனோடு அமர்ந்து அப்பம் உண்ணாதிருக்க வேண்டும்? அசரியா 1945 சனவரி முதல் நாள் மறைந்தார். தாம் நட்ட மரம் காய்த்ததைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கூடிச் செய்த காரியங்கள் பல. சென்னையில் பெண்கள் கிறித்துவக் கல்லூரி 1915இல் எழுந்தது. 12 மிஷன் சங்கங்கள் பங்கு போட்டுக் கட்டிய கல்வி மனை அது. வேலூரில், 1900இல் ஒற்றைக் கட்டிலோடு ஐடா ஸ்கடர் அம்மையார் திறந்த மருந்தகம், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகி, பிறகு பல சபைகள் பணமும் ஆளும் தந்து தாங்கும் பெரும் மருத்துவமனையாயிற்று. அங்கே நாடி பிடிக்கும் கை, நோயாளியிடம் "நீ எந்தச் சபை?" என்று கேட்பதில்லை. 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் ஒன்றாக அமர்ந்து திருவிவிலியத்தைப் புதுத் தமிழில் தந்தார்கள். வடமொழிக் கலப்பில் மூழ்கிக் கிடந்த வேதப் புத்தகம் தமிழ் முகம் காட்டியது கண்டு நாம் மகிழ்ந்தோம். பழைய மொழிபெயர்ப்பை விட மனம் வராதவர்கள் அங்கும் ஏராளம் என்பது வேறு செய்தி. பழக்கம் என்பது எந்த மதத்துக்கும் பெரிய தெய்வம்!

இவ்வளவும் சரி. அப்பம் பற்றிய வழக்கு தீர்ந்தது. ஆறடி மண் பற்றிய வழக்கு தீர்ந்ததா?

சற்றுப் பின்னோக்கிப் போவோம். 1833இல், கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் ஓர் ஆணை அனுப்பினார்: ஆலயத்துக்குள் சாதி கூடாது; உடனே ஒழிய வேண்டும். தஞ்சையில் கொந்தளிப்பு மூண்டது. சேர்ந்து உட்கார மாட்டோம், ஒரே பாத்திரத்தில் பருக மாட்டோம் என்று எழுந்து போனார்கள் மேல்சாதிக் கிறித்துவர்கள். எங்கே போனார்கள்? பழைய கோயிலுக்கா? இல்லை. கொஞ்ச காலத்தில் லைப்சிக் நகரிலிருந்து லுத்தரன் மிஷன் வந்து சேர்ந்தது. சாதி என்பது சமூக வழக்கம், மெல்ல மெல்லத்தான் தேயும் என்பது அந்த மிஷனின் வாதம். பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு ஒரு நல்ல பரீட்சை வைத்தது: எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ண மறுப்பவன் சாதியைத் துறந்தவனாகான். பந்தியிலே வைத்த பரீட்சை! மற்ற மிஷன்கள் ஒப்பின. லைப்சிக் ஒதுங்கி நின்றது. ஒப்பியவர்களின் ஊர்களிலும் சாதி செத்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஒரு சபையின் தலையில் மட்டும் பழியைப் போட நாம் வரவில்லை.

நாம் காட்ட விரும்புவது வேறொன்று. சபைக்கும் சபைக்கும் நடுவே இருந்த இடைவெளி யாருக்குப் பயன்பட்டது? பக்திக்கா? சாதிக்கு! இந்த வீட்டில் கதவடைத்தால் அந்த வீட்டுத் திண்ணையில் படுக்கலாம் என்று அதற்குத் தெரியும். ஆகவே சபைகள் சேர்ந்து உழைப்பது என்றால், கூட்டு ஜெபமும் கிறிஸ்துமஸ் கீத பவனியும் மட்டும் ஆகாது. எந்தத் திண்ணையிலும் அதற்கு இடமில்லை என்று அத்தனை வீட்டாரும் ஒரே நாளில் சொல்வதே அந்த உழைப்பின் உயிர்.

சொன்னார்களா? கத்தோலிக்கர் பக்கம் வாருங்கள். நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில், பீடம் ஒன்று, கூடம் இரண்டு, நடுவே சுவர். இந்தச் சாதி இப்புறம், அந்தச் சாதி அப்புறம். ஆண்டவருக்கு மட்டும் இரு பக்கமும் தெரியும்! அந்தத் தடுப்பு 1910இல்தான் இடிபட்டது. இடித்ததற்காகப் பாதிரியார் மீது வழக்கும் பாய்ந்தது. பழங்கதை என்று தள்ளலாமா? 2008 மார்ச்சில் விழுப்புரம் வட்டாரத்து எறையூரில், தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டனர் தாழ்த்தப்பட்ட கிறித்துவர்கள். ஏன் கேட்டனர்? கோயிலிலும் கல்லறையிலும் ஒதுக்கப்பட்டவர்கள் என்பதால். கலவரம் மூண்டது, காவல்துறையின் துப்பாக்கி வெடித்தது, இரண்டு உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவே நின்ற சுவரை எதிர்த்து எத்தனை ஆண்டுகள் குரல் எழுப்ப வேண்டியிருந்தது! உயிர்த்தெழுதல் உண்டு என்று நம்புகிறவர்கள் அவர்கள். எழுந்து வரும்போது சுவர் ஏறிக் குதித்து வர வேண்டுமோ?

"இந்துக் கோயிலில் இல்லாத சாதியா?" என்று கேட்பார் உண்டு. உண்டு; அதனால்தான் 1924இல் வைக்கத்தில் பெரியார் சிறை புகுந்தார். அதனால்தான் 1970இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகச் சட்டம் வந்தது. 2021இல் அவர்கள் கருவறைக்குள் நின்றார்கள். அங்கே கேட்ட கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கிறோம். ஆளுக்கொரு தராசு நம்மிடம் இல்லை.

இந்தச் சுவரின் விலையை யார் கொடுக்கிறார்கள் தெரியுமா? 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று பிறந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியார் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்குக் கதவு திறந்தது. 1990இல் பவுத்தருக்குத் திறந்தது. கிறித்துவருக்கும் முசுலிமுக்கும் திறக்கவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒருவர், அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தமக்கு மட்டும் கிடைக்கவில்லையே என்று உச்சநீதிமன்றம் வரை போனார். அவர் செய்த குற்றம், கிறித்துவராய் இருந்தது. 1985இல் தீர்ப்பு வந்தது: மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை!

சான்று இல்லையாம்! மேலப்புதூர்ச் சுவருக்கு வாயிருந்தால் கூண்டிலேறிச் சொல்லியிருக்கும். சபைத் தலைவர்கள் சொல்லியிருக்க வேண்டாமா? அங்கேதான் சங்கடம். டெல்லிக்குப் போகும்போது, "எங்கள் சபையில் சாதி இருக்கிறது, சலுகை தாருங்கள்" என்கிறார்கள். ஊர் திரும்பியதும், "கிறிஸ்துவுக்குள் சாதி ஏது?" என்று பிரசங்கம் செய்கிறார்கள். டெல்லியில் சொன்னது உண்மை. அந்தக் கோரிக்கையும் நியாயம். தமிழ்நாடு சட்டமன்றமும் 2023 ஏப்ரல் 19இல் அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. கத்தோலிக்க ஆயர்களும் மற்றச் சபைத் தலைவர்களும் அந்தக் கோரிக்கைக்காகத் தோளோடு தோள் நிற்பதையும் பாராட்டுகிறோம். ஆனால் டெல்லியின் கதவைத் தட்ட எழுந்த கைகள், தங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரைத் தட்ட ஏன் சோர்ந்து போகின்றன? அந்தச் சுவரை இடிக்க எந்த ஆணையைத் திருத்த வேண்டும்? எந்த ஆணையம் அறிக்கை தர வேண்டும்?

வழி தெரியாது என்று சொல்ல முடியாது. 1969இல் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை அமைத்தன. 1850இல் ஒப்பியவர்களின் பேரர்களும் ஒதுங்கியவர்களின் பேரர்களும் ஒரே கூரையில்! அங்கே ஆசிரியராயிருந்து 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று பெயர் வைத்துக் கொண்டு நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டியவர், ஓயாமல் வற்புறுத்தியது ஒன்று: ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்ணுங்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய அதே பந்திப் பரீட்சை. இம்முறை வைத்தவர் வெள்ளைக்காரரல்லர், நம்மவர்.

நாம் கேட்பது பெரிதல்ல. ஒரு சபையில் சாதிக்காகச் சண்டையிட்டு வெளியேறும் குடும்பத்தை இன்னொரு சபை வரவேற்கலாகாது. இரட்டைக் கல்லறை உள்ள ஊர் எந்தச் சபைக்குச் சொந்தமானாலும், அந்த ஊர்த் திருவிழாவுக்கு எந்த ஆயரும் போகலாகாது. தேர் சேரிக்கும் போக வேண்டும். போகாத தேர் கொட்டகையிலேயே நிற்க வேண்டும். இதை எல்லாச் சபைகளும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட 28 ஆண்டு வேண்டாம். ஒரு மாலைப் பொழுது போதும்.

ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை கிறித்துவ ஒற்றுமை வாரம் என்று எட்டு நாள் ஜெபம் நடத்துகிறார்கள். ஏழு நாள் ஜெபிக்கட்டும். எஞ்சிய ஒரு நாள், கத்தோலிக்க ஆயரும் தென்னிந்தியத் திருச்சபைப் பேராயரும் லுத்தரன் பேராயரும் சேர்ந்து, நடுவே சுவர் நிற்கும் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போகட்டும். கையில் கடப்பாரை இருக்கட்டும். கிடைக்கவில்லையென்றால் சொல்லியனுப்பட்டும், நம் தோழர்கள் வீட்டில் உண்டு.