ஆறடி சமதளத்தில் ஒரு பனிச்சரிவு

ஐப்பசி மழைக்கு நடுவே எங்கள் மலையில் ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தேர்வு, வருகைப்பதிவு எல்லாம் பேசி முடித்து, கடைசியாக ஓர் அறிவுரை வந்தது: "வீட்டில் வீடியோ கேம் இருந்தால் எடுத்துப் பூட்டி வையுங்கள். இப்போது சட்டமே வந்துவிட்டது." பெற்றோர் அத்தனை பேரும் தலையசைத்தார்கள். என்னால் முடியவில்லை. முந்தைய நாள் மாலைதான் என் பதினொரு வயது மகள் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று, முழங்காலை மடக்கி, இடுப்பை இடமும் வலமும் சாய்த்து, நாற்பது நிமிடம் பனிச்சரிவில் சறுக்கி இறங்கி, வேர்த்துப்போய் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டிருந்தாள். குன்னூரில், மழைக் குளிரில், ஒரு பிள்ளை தானாக ஸ்வெட்டரைக் கழற்றுகிறது என்றால் என்ன பொருள் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளியினர் குறிப்பிட்ட சட்டம், 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம். அது விளையாட்டுகளைப் பணம் வைத்து ஆடுபவை, இ-ஸ்போர்ட்ஸ், பொழுதுபோக்குக்கான சமூக விளையாட்டுகள் என்று பிரிக்கிறது. முதல் வகையை அடியோடு தடை செய்தது சரியான முடிவு. சூதாட்டச் செயலிகள் எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தின என்பதைத் தமிழ்நாடு நன்றாக அறியும். அதனால்தான் 2022-இலேயே இங்கே தனிச் சட்டம் வந்தது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுகளுக்குள் நுழைய முடியாது என்ற மாநில விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் மாதம் உறுதி செய்ததையும் வரவேற்றவன் நான்.

என் கோபம் வேறு. பணம் புழங்குகிறதா, போட்டி நடக்கிறதா என்று கேட்கும் இந்தச் சட்டம், ஆடுகிறவரின் உடல் அசைகிறதா என்று கேட்கவில்லை. இ-ஸ்போர்ட்ஸ் வரையறையில் உடல் திறன் என்ற பொருளில் ஒரு சொல் வருகிறது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கட்டைவிரலை வேகமாக ஓட்டினாலும் அதற்குப் பொருந்திவிடும். இணைய இணைப்பே இல்லாமல் வீட்டுக் கூடத்தில் ஆடும் பனிச்சறுக்கு இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வரவே வராது. ஆனால் சட்டம் கிளப்பிவிட்ட அச்சம் எல்லை பார்ப்பதில்லை. ரம்மிக்குப் போட்ட பூட்டு, பிள்ளைகள் குதித்தாடும் ஆட்டத்தின் மீதும் விழுகிறது.

அந்த ஆட்டம் எப்படி இயங்குகிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. எங்கள் வீட்டில் இருப்பது பழைய எக்ஸ்பாக்ஸ் 360, கினெக்ட் கேமரா, 2011-இல் வந்த கினெக்ட் ஸ்போர்ட்ஸ் சீசன் டூ. கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. கேமராவுக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகள் அறை முழுவதும் பாய்கின்றன. அவை விழும் விதத்தை வைத்து ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், தோள் எங்கே, முட்டி எங்கே என்று கருவி கணக்கிடுகிறது. குனிந்தால் வேகம் கூடும். சாய்ந்தால் திரும்பும். மேட்டில் குதிக்காவிட்டால் நேரம் போகும். இதற்கு முன்பே, 2007-இல், நிண்டெண்டோ நிறுவனம் வீ ஃபிட் என்ற ஆட்டத்தோடு ஒரு பலகையைக் கொண்டுவந்தது. நான்கு மூலையிலும் எடையறியும் உணரிகள். அதன்மேல் ஏறி நின்றால் உடலின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதற்குத் தெரியும். சறுக்கு ஓட்டமும் சறுக்குத் தாவலும் அதிலேயே இருந்தன. வீட்டில் எல்லோரும் எடை பார்க்கும் பழக்கத்திலிருந்து ஷிகெரு மியாமோட்டோவுக்குத் தோன்றிய யோசனை அது. மூன்றே ஆண்டுகளில் 3.2 கோடிப் பலகைகள் விற்றன. எடை பார்க்கும் சாதனம் என்ற வகையில் கின்னஸ் சாதனை.

கினெக்டுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். ஒருவர் ஆடக் கேமராவிலிருந்து ஏறத்தாழ ஆறடி தள்ளி நிற்க வேண்டும். அந்த ஆறடியும் சமதளமாக இருக்க வேண்டும்.

சமதளம் என்ற சொல்லைச் சமவெளியில் இருப்பவர்கள் எளிதாகக் கடந்துபோகலாம். நீலகிரியில் அது சொத்து. நான் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன். எங்களுக்கு மைதானம் என்று ஒன்று இருந்ததில்லை. வாசலைத் தாண்டினால் தேயிலைச் சரிவு. பந்து கை நழுவினால் ஓடை வரைக்கும் போகும், அதைத் தேடி எடுத்து வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். யூரியா சாக்கை விரித்துப் புல்சரிவில் உட்கார்ந்து சறுக்கியதுதான் எங்கள் விளையாட்டு. இன்றைய பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. குன்னூர், கோத்தகிரி வீதிகளில் பட்டப்பகலில் காட்டெருமை நடக்கிறது. இருட்டினால் கரடி. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே தோட்டத் தொழிலாளியின் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றதே, அதற்குப் பிறகு எந்தத் தாய் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையை வெளியே விளையாட அனுப்புவாள்? மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் பதிவானது 82 செ.மீ. கூடலூர்ப் பக்கம் தென்மேற்கும் குன்னூர்ப் பக்கம் வடகிழக்குமாக ஆண்டில் பாதியை மழை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் சில வாரங்களைத் தலைகுந்தா, காந்தலின் உறைபனி எடுத்துக்கொள்கிறது.

இருக்கும் சமதளமாவது பிள்ளைகளுக்குக் கிடைத்ததா? ஊட்டியின் நடுவே 52 ஏக்கர் பரப்பு குதிரைப் பந்தயத்துக்காகவே கிடந்தது. குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று கணக்கிட்டு 2024 ஜூலையில் அரசு அதை மீட்டபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். தோட்டக்கலைத் துறை அங்கே சூழல் பூங்கா என்றது. பூங்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. பூங்காவுக்கு ஊட்டியில் பஞ்சமா என்றுதான் கேட்கிறேன்.

இந்த இடத்தில் ஸ்னூக்கரைப் பற்றிப் பேசாமல் என்னால் நகர முடியாது. நண்பர்கள் பலமுறை கேட்ட கதைதான், இருந்தாலும் இந்த விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி வேறில்லை. 1875-ஆம் ஆண்டு, ஜபல்பூர். மழைக்காலம். டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகளால் வெளியே போக முடியவில்லை. பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி நின்று, இருந்த பந்தாட்டங்களோடு வண்ணப் பந்துகளைக் கலந்து புதிதாக ஒன்றை ஆடிப் பார்க்கிறார்கள். நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி (பின்னாளில் பிரதமரானவர் அல்ல, இவர் வேறு) ஓர் எளிய வீச்சைத் தவறவிட்டவரை 'ஸ்னூக்கர்' என்று கேலி செய்கிறார். உல்விச் ராணுவக் கழகத்தில் முதலாண்டு மாணவனை அழைக்கும் பட்டப்பெயர் அது. பெயர் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. சேம்பர்லேன் ஆப்கன் போரில் காயம்பட்டார்; பிறகு சென்னைப் படையின் தளபதி ராபர்ட்ஸிடம் பணியாற்ற வந்து, கோடைகளில் ஊட்டிக்கு ஏறினார். 1882-இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் இந்த ஆட்டத்துக்கான விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அங்கிருந்துதான் அது உலகமெங்கும் போனது.

கவனியுங்கள். மழையால் அடைபட்டவர்கள், கூரைக்கடியில், சமமான ஒரு பலகையைச் சுற்றி உண்டாக்கிய ஆட்டம் அது. இன்று ஸ்னூக்கரில் உலகப் பட்டம் வென்று வருபவரை நாடு கொண்டாடுகிறது. அந்த அறையை ஊட்டியின் பெருமை என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். அதே மழை, அதே மலை, அதே அடைபட்ட நிலை. ஆனால் காந்தலில் ஒரு கூலித் தொழிலாளியின் மகன் கூரைக்கடியில் ஆடினால் அதற்குப் பெயர் அடிமைத்தனம். மேசையைச் சுற்றி மெல்ல நடந்து குச்சியால் பந்தைத் தள்ளிய அதிகாரியைவிட, கேமரா முன் குதிக்கும் அந்தப் பையன் பல மடங்கு உடலை வளைக்கிறான். ஆடுகிறவர் யார் என்பதைப் பார்த்துத்தான் நாம் ஆட்டத்துக்கு மரியாதை தருகிறோம் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

வரித்துறையும் இதையேதான் செய்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது சதுரங்கப் பலகைக்கும் கேரம் பலகைக்கும் 12 விழுக்காடு. வீடியோ கேம் கன்சோலுக்கு 28. எந்தப் பொருளோடு சேர்த்து? சூதாட்ட விடுதி மேசைகளோடு, அதே வரிசையில், அதே பதிவில். ஒரு தேசம் தன் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைச் சூதாட்ட மேசைக்கு அருகில் வைத்து எழுதியிருக்கிறது என்பதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. சட்டத்துக்கு எட்டு ஆண்டு முன்பே அந்த எண்ணம் பதிவேட்டில் ஏறிவிட்டது.

மறுப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனமே விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது என்கிறார்கள். சேர்த்தது உண்மை, ஆனால் நாற்பது நிமிடம் குதித்தால் கால் தானாக நின்றுவிடும். விடிய விடியப் பனிச்சறுக்கு ஆடிய பிள்ளையை யாராவது பார்த்ததுண்டா? லிவர்பூல் ஆய்வாளர்கள் 2007-இல் 11 சிறார்களை அளந்து பார்த்து, உட்கார்ந்து ஆடுவதைவிட உடலசைத்து ஆடுவதில் கூடுதல் ஆற்றல் செலவாகிறது, ஆனால் உண்மையான ஆட்டத்துக்கு அது ஈடாகாது என்றார்கள். மறுப்பவர்கள் பின்பாதியை மட்டும் உரக்கப் படிக்கிறார்கள். உண்மையான டென்னிஸ் ஆட இடம் இருக்கிறவர்களுக்கு அது பொருந்தட்டும். 2012-இல் அமெரிக்காவில், இத்தகைய ஆட்டங்களைக் கொடுத்தும் சிறார்களின் மொத்த உடலியக்கம் கூடவில்லை என்று ஓர் ஆய்வு வந்தது. அது ஹூஸ்டன் பிள்ளைகளைப் பற்றியது. ஹூஸ்டன் சமவெளி. அதைக் கொண்டுவந்து எங்கள் மலையின் கொலக்கம்பையில் படிக்காதீர்கள். கினெக்டின் உற்பத்தியே 2017-இல் நின்றுவிட்டதே என்பது இன்னொரு வாதம். நின்றால் என்ன? இன்று சாதாரண மடிக்கணினிக் கேமராவே மனித உடலின் மூட்டுகளை அடையாளம் காண்கிறது. தனிக் கருவியே தேவையில்லை.

இவர்கள் யாரும் என் அம்மாவைப் பார்த்ததில்லை. முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார். சென்ற மழையில் பேத்தி கட்டாயப்படுத்திக் கேமரா முன் நிறுத்தினாள். முதல் வளைவில் தடுமாறினார். இரண்டாவதில் முட்டியை மடக்கி, உடலைச் சரிவின் பக்கம் கொடுத்து, சீராக இறங்க ஆரம்பித்தார். "இதென்ன கண்ணு, மழையில கூடையோட சரிவு இறங்குற மாதிரியே இருக்கு" என்றார். வழியில் நட்ட கொடிக்கம்ப வாயில்களில் மூன்றைக் கூடுதலாகக் கடந்து பேத்தியைத் தோற்கடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுவதும் கூலிக்காக இறங்கிய சரிவை அன்றுதான் அவர் விளையாட்டாக இறங்கினார். சரிவில் உடலின் பாரத்தை எங்கே வைப்பது என்பது மலை மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, காலிலேயே இருக்கிறது.

இதிலிருந்து நான் போகிற தூரம் சிலருக்கு அதிகமாகப் படலாம். 1964 இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெரெமி புஜகோவ்ஸ்கி இந்தியாவுக்காகச் சறுக்கினார். 2022 பெய்ஜிங்கில் நம் அணி என்பதே குல்மார்க் பகுதியிலிருந்து போன ஆரிஃப் கான் ஒருவர்தான். பெருஞ்சறுக்கு ஓட்டத்தில் 45-ஆவது இடம். ஆனால் பனியே பெய்யாத குடகிலிருந்து தெக்கடா நஞ்சுண்டா பவானி நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீராங்கனையாக எழுந்து வந்திருக்கிறார். குடகால் முடிந்தது, நீலகிரியால் ஏன் முடியாது? இங்கே சரிவில் பிறந்து சரிவில் வளர்ந்த ஆயிரக்கணக்கான கால்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முதல் பனியைக் காட்ட ஒரு திரை போதும். 2030-இல் குளிர்கால ஒலிம்பிக் பிரெஞ்சு ஆல்ப்ஸில் நடக்கிறது; இன்று பதினொரு வயதில் இருப்பவர்களுக்கு அது எட்டாத தூரமில்லை.

அரசிடம் கேட்பது பெரிதல்ல. 2024-இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சிதோறும் கொடுக்கப்பட்டது. 33 பொருள்கள். நல்ல திட்டம். ஆனால் அதில் உள்ள கிரிக்கெட் மட்டையும் கைப்பந்தும் சமவெளியை நினைத்துச் சேர்த்தவை. நீலகிரியின் 35 ஊராட்சிகளுக்கும் 34-ஆவது பொருளாக ஒரு கேமராவும் உடலசைவு ஆட்டங்களும் தர வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைத் திரைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளி விட்ட பிறகு அவை இருண்டு கிடக்கின்றன. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினால் ஆறடி என்ன, இருபதடியே கிடைக்கும். இந்த ஆட்டங்களை உடற்கல்வி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாநிலமே ஓர் அரசாணை பிறப்பிக்கலாம். அதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

ஜூனில் பள்ளி திறக்கும்போதே கூடலூரிலும் பந்தலூரிலும் தொடங்கிவிட வேண்டும். மழை அங்கேதான் முதலில் இறங்குகிறது.