கவ்வாத்தும் கற்பனை நாவலும்

மலையகத்தைக் களமாகக் கொண்டு மாயப் புனைவு நாவல் எழுத முனையும் இளம் எழுத்தாளனுக்கு இரு திசைகளிலிருந்து அறிவுரை வருகின்றது. 'வருணனையை வெட்டு, வாசகனுக்கு வேகமே வேண்டும்' என்பர் ஒரு சாரார். 'மண்வாசனை வீச வேண்டும். மூடுபனியையும் அருவியையும் பக்கம் பக்கமாகத் தீட்டு' என்பர் மறு சாரார். முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஒரே தவற்றிற் பிறந்தவை. வருணனை என்பது கதைக்குப் புறத்தே ஒட்டப்பட்ட அலங்காரம் என்றே இரண்டும் கருதுகின்றன.

தொல்காப்பியர் அவ்வாறு கருதினாரல்லர். முதல், கரு, உரி என வகுத்த அவர், இம்மூன்றும் முறையே ஒன்றினொன்று சிறந்தவை என்றார். நிலமும் பொழுதும் பறவையும் பறையும் உரிப்பொருளைத் தாங்கி நிற்கும் வரையே செய்யுளில் இடம்பெறும். உரியைத் தாங்காத குறிஞ்சி வெறும் மலையே.

கோகிலம் சுப்பையா 1964 இல் வெளிவந்த தம் நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' எனப் பெயரிட்டமை சிந்திக்கத்தக்கது. தூரத்தே நிற்பவனுக்கே அது பச்சை. அற்றன் மலைச்சரிவில் இறங்கும் மூடுபனி உல்லாசப் பயணிக்குக் காட்சி. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ அது ஈரம், அட்டைக்கடி, நிறுவையில் ஈரத்துக்கெனக் கழிக்கப்படும் எடை. முன்னையது கதையை நிறுத்துகின்றது. பின்னையது கதையாகவே நடக்கின்றது. எனவே திருத்தும் வேளையில் எழுப்ப வேண்டிய வினா, 'வருணனை எத்தனை வரி?' என்பதன்று, 'யாருடைய கண்?' என்பதே.

மாயப் புனைவில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. தோட்ட மக்கள் தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களுக்கு ரோதமுனியையும், கவ்வாத்துக்குக் கவ்வாத்துச்சாமியையும் காவலாகக் கண்டவர்கள். அத்தகைய தெய்வம் ஒன்று நாவலில் எழுந்து நடமாட வேண்டுமாயின், சுழலும் பட்டியின் ஓசையும் வாடும் கொழுந்தின் மணமும் முன்னரே வாசகனின் புலன்களிற் படிந்திருத்தல் வேண்டும். 'வேகம்' என்ற பெயரால் அவற்றை வெட்டினால் எஞ்சுவது மோடிவித்தையே. மறுபுறம், தேயிலை எவ்வாறு பதனிடப்படுகின்றது என்று வெளியூர் வாசகனுக்குப் பாடம் நடத்தும் பக்கங்கள் தயக்கமின்றி நீக்கத்தக்கன. லயத்திற் பிறந்த பாத்திரம் தன் லயத்தைத் தனக்கே விளக்கிக்கொள்வதில்லை.

திருத்துதல் சுருக்குதலன்று என்பதற்குத் தோல்கீன் சான்று. 1937 இல் வெளிவந்த 'ஹொபிற்' நாவலின் ஓர் அத்தியாயத்தை அவர் 1951 ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றியெழுதினார். பின்னர் எழுந்த பெருங்கதையில் மோதிரம் பெற்ற புதிய பொருளுக்கு அந்நிகழ்ச்சி இயையாமையே காரணம். அவர் அளந்தது நீளத்தையன்று, பொருத்தத்தையே.

இவ்வுண்மையைத் தோட்டத் தொழிலாளி நெடுங்காலமாக அறிவான். கவ்வாத்துக் கத்தி செடியை அழிப்பதற்கன்று. வெட்டாது விட்ட தேயிலை மரமாகிக் கைக்கெட்டாது போகும். அறிவின்றி வெட்டிய செடி பட்டுப்போகும். செடி மூச்சு வாங்கவென ஓரிரு இலைக் கிளைகளை விட்டு வெட்டும் முறையும் உண்டு. எதை விடுவது என்று அறிந்தவனே கவ்வாத்துக்காரன்.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை ஏடுகளிலிருந்து நீக்கிற்று. அவர்தம் வாழ்வின் நுண்விவரங்களை இன்று 'தொய்வு' எனக் கூறிக் கதையிலிருந்தும் நீக்குவது விமர்சனமாகாது. அவற்றை அழகுப்படமாக்கித் தொங்கவிடுவதும் இலக்கியமாகாது. எழுதுபவன் கையிலிருப்பது கத்தியே. அதனை அவன் துரையின் பங்களா முற்றத்தில் நின்றன்று, தேயிலை நிரையில் நின்று பிடிக்கட்டும்.