முதியோரும் குருதிச் சுத்திகரிப்பும்

மூத்தோரைப் பேணுதல் நம் நாட்டார் தலைக்கடனாகக் கொண்டதொன்று. ஆயினும், பேணுதலாவது யாது என்பதை நாம் ஆராய்வது அரிது. சிறுநீரகம் செயலொழிந்த முதியோர்க்கு டயாலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்பைத் தொடங்குங்கால் அவ்வாராய்ச்சி இன்றியமையாததாகின்றது.

ஹாலந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் அமைத்த பொறியால் 1945-இல் முதன்முதல் உயிர் பிழைத்தவர் 67 வயது மூதாட்டியாவர். அவர் சிறுநீரகம் சின்னாளில் மீண்டும் தொழிற்பட்டது. மீளாச் சிறுநீரக நோயுடையார்க்கு இம்மருத்துவம் 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிற் கைகூடியது. பொறிகள் மிகச் சிலவாதலின், அந்நகரத்தார் 45 வயது கடந்தாரை விலக்கினர். நம் நாட்டிலோ, 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டம் ஏழையர்க்கும் இதனை எளிதாக்கிற்று. வயது ஒன்றே கருதி ஒருவரை விலக்குதல் அறமன்று. இஃது யாவரும் உடன்படுவதே.

ஆயின், கிடைப்பதெல்லாம் நன்மையாமோ? மாற்றுச் சிறுநீரகம் பெறும் நிலையில் இல்லாத, 65 வயதும் அதற்கு மேலுமான அமெரிக்கப் படைவீரர் பல்லாயிரவரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2024-இல் வெளிவந்தது. மூன்றாண்டுக் காலத்தில், டயாலிசிஸ் தொடங்கியோர் தொடங்காதாரினும் சராசரி 77 நாட்கள் மிகுதியாக வாழ்ந்தனர். ஆனால் தம் இல்லத்திற் கழித்த நாட்களோ ஏறக்குறைய 15 குறைந்தன. அந்நாட்டு முதியோர் காப்பகங்களில் இருந்துகொண்டு டயாலிசிஸ் தொடங்கியோரைப் பற்றி 2009-இல் வெளிவந்த கணக்கின்படி, ஓராண்டிற்குள் நூற்றுக்கு 58 பேர் இறந்தனர். முன்போல் அன்றாடச் செயல்களை ஆற்றும் திறன் குன்றாதிருந்தோர் 13 பேரே.

இக்கணக்கைக் காரியாபட்டி போன்ற கரிசற்காட்டூர்களில் வைத்து நோக்குமின். டயாலிசிஸின் பொருட்டு மதுரைக்குச் செல்லும் முதியவர், வாரம் மும்முறை பேருந்தேறி, ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம் படுக்கையிற் கிடந்து, அயர்ந்து மீளவேண்டும். கோடை வெயிலிலும் தண்ணீரை அளந்தே அருந்தவேண்டும். உடன் செல்லும் மகனுக்கோ அன்றைய கூலி இல்லை. வயிற்றின்வழி இல்லத்திலேயே செய்துகொள்ளும் முறையும் உண்டு; அதற்குரிய மருந்து நீர்ப்பைகளை 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டிற்கே கொணர்கின்றது. இதனைப் பலர் அறியார்.

"பொறியில் ஏற்றாது விடின் பெற்றோரைக் கைவிட்டதாகாதோ? ஊர் பழியாதோ?" என்பர் சிலர். ஆகாது. மூச்சுத்திணறல், அரிப்பு, நோவு ஆகியவற்றைத் தணித்து, உணவை நெறிப்படுத்தி, இல்லத்தில் வைத்துப் போற்றுதலும் மருத்துவமே. வேறு கொடிய நோய் இல்லாத திடமுடைய முதியவர் டயாலிசிஸால் பல்லாண்டு வாழ்தலும் உண்டு. அவர்க்கு அதனை மறுத்தல் பெரும் பிழை. பல பிணிகளால் நலிந்தார்க்கு அதனை வற்புறுத்துதலும் பிழையே.

ஆதலின் யாம் வேண்டுவது ஒன்றே. எத்துணை நாட்கள் கூடக்கூடும், அவை எங்ஙனம் கழியும் என்பதை மருத்துவர் முதியவரிடமே மறையாது உரைத்தல் வேண்டும். சின்னாள் செய்து பார்த்து, வேண்டாவெனின் நிறுத்தலாம் என்பதையும் அறிவித்தல் வேண்டும். மக்கள் துணை நிற்க, முடிவு செய்தற்குரியார் அம்முதியவரே. வாழப்போகும் நாட்கள் அவருடையன அல்லவோ?