சக்கரத்தின்மேல் நிலைத்திருப்போர்

கற்றறிந்த நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வழக்கைத் தொடுத்தார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பங்கு ஒன்றில் சில குளிர்காலங்கள் பணியாற்றியபோது நான் கண்ட முதியவர்களைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பணி ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியில் குடியேறி, புகைப்படக் கருவியும் கையுமாகச் சாலையிலேயே எஞ்சிய நாள்களை வாழ்பவர்கள் அவர்கள். நண்பர் புன்னகைத்தார். "இவர்களுக்குப் புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாரே, சாமி!" என்றார்.

அவர் சொன்னது ஆசீர்வாதப்பருடைய துறவற ஒழுங்கின் முதல் அதிகாரத்தை. துறவிகளை நான்கு வகையாகப் பிரிக்கும் அப்புனிதர், நான்காம் வகையினரைக் கடுமையாகச் சாடுகிறார். அவர்கள் ஊர் ஊராகச் சுற்றுபவர்கள், ஒரு மடத்தில் மூன்று நாள், மற்றொன்றில் நான்கு நாள் என விருந்தாடிச் செல்பவர்கள், எங்கும் நிலைகொள்ளாதவர்கள். முதுமையில் வீட்டைத் துறந்து சக்கரத்தில் ஏறுபவர்களும் அவ்வினத்தவரே என்பது நண்பரின் வாதம். நம் வாசகர் பலரும் அவர் பக்கமே நிற்பர் என அறிவேன். அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

குற்றச்சாட்டை முழுமையாக வாசிப்போம். அந்தத் துறவிகளின் கால்கள் நடந்ததையா புனிதர் பழித்தார்? அவர்கள் தம் விருப்பத்துக்கும் வயிற்றுக்கும் அடிமைகளாயிருந்ததை அல்லவா பழித்தார்! பிறர் சமைத்ததை உண்டு, அங்கே உழைக்க வேண்டிய நாள் வருமுன் புறப்பட்டுவிடுவோரை நாமும் அறிவோம். அதற்குச் சக்கரம் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே அப்படி வாழ இயலும்.

நான் கண்டவர்களின் வாழ்வு வேறு. அரிசோனாவின் மேற்கெல்லையில், கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் குவார்ட்ஸைட் என்றொரு பாலைநிலச் சிற்றூர் உண்டு. நிலையாக வாழ்வோர் சில ஆயிரம் பேரே. குளிர்காலம் வந்தால் அதைச் சுற்றிய வெளியெங்கும் வீட்டு வண்டிகள் நிறைந்துவிடும். நடுவண் அரசின் நில மேலாண்மைத் துறை, கட்டணம் பெற்றுக்கொண்டு செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே தங்க இசைவளிக்கிறது. வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரமோ குழாய்நீரோ கிடையாது. கூரையில் பதித்த சூரியத் தகடு தருவதே மின்சாரம். தண்ணீரைப் போய்ப் பிடித்து வர வேண்டும். கழிவைத் தாமே சுமந்து சென்று உரிய இடத்தில் கொட்ட வேண்டும். இதில் விருந்தாடல் எங்கே இருக்கிறது?

அஞ்சல் துறையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஒருவரை அங்கே அறிந்தேன். மனைவியை இழந்தவர். அவருடைய வண்டியில் கேமரா ஒன்று, லென்ஸ் இரண்டு. மூன்றாவது லென்ஸை வைக்க இடமில்லை என்று விற்றுவிட்டார். பாலைநிலத் தூசு உள்ளே புகுந்துவிடும் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டுதான் லென்ஸை மாற்றுவார். ஊருக்குத் தெற்கே கோஃபா வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. அங்கே மலைப்பிளவு ஒன்றினுள், நம் பனையைப் போலவே விசிறி ஓலை கொண்ட காட்டுப் பனைகள் சில நிற்கின்றன. பிளவு மிகவும் குறுகியது. நண்பகலை ஒட்டிச் சிறிது நேரமே கதிரவன் அவற்றைத் தொடுவான். விடியலிலும் அந்தியிலுமே நல்ல ஒளி கிடைக்கும் என்பது புகைப்படக்காரரிடையே வேதவாக்கு. அம்மரங்களிடம் அந்த வேதம் செல்லாது. இவர் ஒன்பது நாள் அங்கே சென்றார். ஒரு நாள் மேகம், ஒரு நாள் காற்று, ஒரு நாள் வெளிர்ந்த வானம். ஒன்பதாம் நாளில் என்னையும் அழைத்துச் சென்றார். கருங்கல் இருளுக்கு நடுவே ஓலைகள் மட்டும் தீப்பிடித்ததுபோல் எரிந்ததைக் கண்டேன். அவர் நான்கு படங்கள் எடுத்தார். மூன்றை அன்று மாலையே அழித்துவிட்டார்.

இங்கேதான் என் நண்பரின் வாதம் தலைகீழாகிறது. விடுதியில் ஓரிரவு தங்கிவிட்டு மறுநாள் விமானம் ஏற வேண்டியவனுக்கு ஒன்பது நாள் ஏது? அவனுக்குக் கிடைத்த ஒளியே ஒளி. வீட்டையே அவ்விடத்துக்குக் கொண்டுவந்தவரோ காத்திருக்க வல்லவர். ஒரே மரத்துக்கு முன் ஒன்பது நண்பகல் நிற்பவரை நிலையற்றவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கேமரா கண்ணுக்கும் காட்சிக்கும் குறுக்கே வந்துவிடுகிறது என்பர் வேறு சிலர். இதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் அருங்காட்சியகம் ஒன்றில் செய்த ஆய்வு 2014இல் இதழில் வெளியானது. பொருள்களைப் பார்த்ததோடு நின்றவர்களைவிட, அவற்றைப் படமெடுத்தவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். ஆயின் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் அணுகிப் படமெடுத்தோருக்கு அந்த இழப்பு நேரவில்லை. கருவியின்மேல் பழி போடுமுன் இதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

ஆன்சல் ஆடம்ஸ் 1941ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோவில் காரில் சென்றுகொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின்மேல் நிலவு எழுந்திருந்தது. மறையும் கதிரவனின் ஒளி கல்லறைச் சிலுவைகளின்மேல் விழுந்திருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினால் ஒளிமானியைக் காணவில்லை! நிலவின் ஒளிர்வு எவ்வளவு என்பது அவர் நினைவில் இருந்தது. அதைக்கொண்டு கணக்கிட்டு ஒரே ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டாவது எடுக்குமுன் சிலுவைகளின் ஒளி அணைந்துவிட்டது. வழியில் கண்டது, நொடிப்பொழுதில் எடுத்தது என்று அதைச் சொல்லிவிடலாம். எத்தனை ஆண்டுகள் நிலவை உற்றுப் பார்த்திருந்தால் அந்த எண் மனத்தில் பதிந்திருக்கும்!

எல்லாரையும் நான் காக்க வரவில்லை. ஓடுபவர்களும் இருக்கிறார்கள். வண்டியின் கதவில் அமெரிக்காவின் வரைபடத்தை ஒட்டி, கால் வைத்த மாநிலங்களை ஒவ்வொன்றாக நிரப்புவதே அவர்களுக்கு வேலை. அரிசோனாவின் பேஜ் நகருக்கு அருகே கொலராடோ ஆறு குதிரை லாட வடிவில் வளைகிறது. அந்த மலைவிளிம்பில் கூடும் கூட்டத்துக்காக 2018இல் ஓரிடத்தில் தடுப்புக் கம்பி கட்ட வேண்டியதாயிற்று. யூட்டா மாநிலத்து மேசா வளைவிலோ விடியுமுன் முக்காலிகள் ஒன்றோடொன்று கால் பின்னிக்கொண்டு நிற்கும். ஆயிரம் பேர் எடுத்துவிட்ட படத்தையே ஆயிரத்தோராவது ஆளாக எடுத்துவிட்டு, கதிரவன் முழுதாய் எழுமுன் கிளம்பிவிடுவார்கள். நான்காம் நூற்றாண்டு எகிப்தியப் பாலைநிலத் துறவி எவாகிரியுஸ், நண்பகலில் வந்து தன் அறையையே வெறுக்கச் செய்யும் ஒரு பேயைப் பற்றி எழுதினார். அப்பேய்க்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்துவிட்டதோ என்று அவர்களைக் கண்டபோது எண்ணினேன். இவர்கள்மேல் நண்பர் கல்லெறியட்டும், தடுக்கமாட்டேன்.

நண்பரின் கடைசி அம்பு நம் வீடுகளிலிருந்து வந்தது: "பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டுச் சுற்றுவது பொறுப்பாகுமா?" இதற்கு நான் சினந்தேன் என்பதை மறைப்பானேன்? நம் பங்குகளில் ஓய்வு பெற்றவர் நிலை என்ன? காலையில் பால் பாக்கெட், பிறகு பள்ளிப் பை, மாலையில் மின்கட்டண வரிசை. எல்லாம் அன்பினால் செய்யப்படுவதாகவே பேர். விரும்பிச் செய்வோரை வணங்குகிறேன். ஆனால் "உங்களுக்கு என்ன செய்ய ஆசை?" என்று அவர்களில் எத்தனை பேரை யார் கேட்டோம்? ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் பழைய கேமராவைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். தென்காசிச் சாரலைப் படமெடுக்கப் போக வேண்டுமாம். "இந்த வயதில் எதற்கப்பா?" என்கிறார் மகன். ஜெர்மானிய மெய்யியலாளர் யோசப் பீப்பர் 1948இல், போரில் இடிந்த தம் நாடு உழைப்பு உழைப்பு என்று முழங்கிய வேளையில், ஓய்வைப் பற்றி நூல் எழுதினார். ஓய்வு சோம்பலன்று, உள்ளதை உள்ளபடி ஏற்றுக் காணும் மனநிலை என்பது அவர் கருத்து. அம்மகனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நோயுற்றால் என்ன செய்வர் என்பது நேர்மையான கேள்வி. அதற்கு எளிய விடையில்லை. டெக்சாஸின் லிவிங்ஸ்டனில் இவர்களுடைய சங்கம் ஒன்று ஓர் இல்லம் நடத்துகிறது. தளர்ந்தவர்கள் தம் வண்டியிலேயே வாழ்ந்தபடி அங்கே உணவும் உதவியும் பெறலாம். இடம் எல்லாருக்கும் போதாது. தனியே ஓட்டிச் சென்று, தனியே இறக்கும் முதியவரும் உண்டு. என் அஞ்சல்காரர் அதை அறிந்தவர். வண்டிச் சாவியோடு மருத்துவரின் எண்ணையும் மகளின் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதிக் கோத்திருந்தார்.

ஏப்ரல் பிறந்ததும் தகடுகளைத் துடைத்து, தொட்டியை நிரப்பிக்கொண்டு வடக்கே புறப்பட்டார். அழிக்காமல் வைத்த நான்காவது படத்தைக் கேட்டேன். ஓர் ஓலை சற்றே அசைந்துவிட்டதாகவும், அடுத்த குளிர்காலம் மறுபடி எடுத்த பின் தருவதாகவும் சொன்னார்.