கோச்சி ஓடாத காலம்

உரும்பிராயிலே புகையிரத நிலையம் இல்லை. எனினும் அயலிலுள்ள கோண்டாவில் நிலையத்தை நம்முடையதென்றே நாம் எண்ணி வந்தோம். சிறுவனாயிருந்தபோது தந்தையாரின் கைபற்றிக் கோச்சி பார்க்க அங்கு நடந்தவர்களுள் நானும் ஒருவன்.

1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே முதற் புகையிரதம் ஓடியது. 1905இல் பாதை தெற்கோடு இணைந்தது. 1956இல் 'யாழ்தேவி' வந்தாள். கொழும்பிலே உத்தியோகம் பார்த்த நம்மவரை அனுப்பிவைத்ததும் அழைத்துவந்ததும் அந்தப் பாதையே.

1990இல் போர் அதனை மூடியது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்கு குழிகளுக்குக் கூரையாயின. கோச்சியையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. 24 ஆண்டுகளின் பின்னர், 2014 ஒக்டோபரில், இந்திய உதவியோடு அமைந்த பாதையில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் வந்தது.

பாதையை மீட்டோம்; அதன் வரலாற்றை மீட்டோமா? நிலைய அதிபராயும் கைகாட்டி இயக்குபவராயும் கடமையாற்றியோர் முதுமையெய்திவிட்டனர். அவர்கள் மறைந்தால் அவர்கள் அறிந்ததும் மறையும். எந்த நிலையத்தில் என்ன சரக்கு ஏறியது, கடைசி வண்டியை யார் வழியனுப்பினார் என்பவற்றை இன்றே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இது நமது ஊர் வாசிகசாலைகளால் இயலாத காரியமன்று. பிறர் வந்து எழுதுவாரென்று காத்திருத்தல் நமக்கு அழகுமன்று.