கோபுரத்தைக் கண்டோம், வாசலைக் கண்டோமா?

இங்கிலாந்து சென்று மீளும் நம்மவர் பலர் கன்ரபரி நகரின் புகழைப் பாடாமல் ஓய்வதில்லை. வானளாவிய பேராலயம், பழமை மாறாத வீதிகள், கல்லுக்கும் காவல் வைத்துப் பேணும் பண்பு என்று அடுக்கிச் சொல்லி, ஈற்றில் ஒரு பெருமூச்சும் விடுவர்: “நமது நல்லூரைப் பாருங்கள்! சங்கிலித்தோப்பின் வளைவு தனித்து நிற்கிறது, மந்திரிமனை சிதைகிறது, யமுனா ஏரியைத் தேடுவாரில்லை.”

இப்பெருமூச்சில் நியாயம் உண்டு. ஒரு காலத்து அரசிருக்கையின் எச்சங்களை இவ்வாறு விட்டுவைத்திருப்பது நமக்குப் பெருமையன்று. ஆயினும், கன்ரபரியிலிருந்து கற்க வேண்டிய பாடம் கல்லைப் பேணுவது மட்டுந்தானா?

1170ஆம் ஆண்டு, அரசனோடு முரண்பட்ட பேராயர் தோமஸ் பெக்கற் அப்பேராலயத்தினுள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவரது சமாதியைத் தேடி நூற்றாண்டுகளாக யாத்திரிகர் திரண்டனர். 1538இல் அச்சமாதி தகர்க்கப்பட்டது. அதன் பொன்னும் மணியும் அரச கருவூலத்துக்குப் போயின. தகர்த்தவன் அந்நியனல்லன், அந்நாட்டு மன்னன் எட்டாம் ஹென்றியே. இன்று சமாதி இருந்த வெறுந்தரையில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. தம்மவர் செய்த அழிவை அவர்கள் மறைக்கவில்லை. வெறுமையையே சான்றாக வைத்திருக்கின்றனர்.

இனி நல்லூருக்கு வருவோம். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1621இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். பழைய கோயில் நின்றதாகக் கருதப்படும் இடத்தில் இன்று ஒரு கிறித்தவ தேவாலயம் இருக்கிறது. நாம் இன்று வணங்கும் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் வேறிடத்தில் எழுந்தது. இவ்வரலாற்றை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

ஆனால், கோயிலை இடித்தவன் அந்நியன் என்றால், கோயிற் கதவை அடைத்தவன் யார்?

1957இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட மக்கள் தேநீர்க்கடையில் சமமாக அமரவும் ஆலயத்தினுள் நுழையவும் போராட வேண்டியிருந்தது. 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அம்மக்கள் உள்ளே செல்லும் உரிமை கோரி அறப்போர் செய்தனர். அவர்களை மறித்து நின்றோர் போர்த்துக்கேயரல்லர். அதே முருகனை வணங்கிய நம்மவரே.

“பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்? தமிழினத்தின் ஒற்றுமை குலையாதா?” என்று கேட்பார் உளர். 1621இல் நிகழ்ந்த கொடுமையை நான்கு நூற்றாண்டு கடந்தும் பேசலாமாம். 1968இல் நிகழ்ந்ததைப் பேசலாகாதாம்! அவ்வாசலில் நின்றவர்களுள் இன்றும் நம்மிடையே வாழ்வோர் இருக்கக்கூடும். அவர்களது மௌனத்தின் மேல் கட்டப்படும் ஒற்றுமை யாருடைய ஒற்றுமை? பிறர் நமக்கு இழைத்த அநீதியை மட்டும் நினைவில் வைத்து, நாம் இழைத்ததை மறைப்பது வரலாறன்று. வழக்காடுவோன் தன் பக்கத்தை மட்டும் சொல்லும் வாக்குமூலம்.

சங்கிலித்தோப்பின் வளைவைக் காப்போம், ஏரியைத் தூர்வாருவோம், மந்திரிமனையைத் தாங்கி நிறுத்துவோம். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அரண்மனைக்குக் கல் சுமந்தவன் யார், ஏரியை வெட்டியவன் யார், அவன் பேரன் எந்த வாசலில் மறிக்கப்பட்டான் என்பதையும் அக்கல்லின் அருகே எழுதி வைப்போம். நல்லூருக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆசிரியர் சங்கிலியன் கதையைச் சொல்லட்டும். மாவிட்டபுரத்தின் கதையையும் அதே மூச்சில் சொல்லட்டும்.

கன்ரபரிக்காரர் தம் மன்னன் செய்த அழிவின் இடத்தில் விளக்கேற்றி வைத்திருக்கின்றனர். அடைக்கப்பட்ட நம் வாசல்களில் விளக்கேற்ற நமக்கு ஏன் கை நடுங்குகிறது?