செயலி செய்வோர் சிந்திக்க வேண்டியவை

கைத்தொலைபேசி புகாத வீடு இன்று எமது குடாநாட்டில் அரிது. பிறர் ஆக்கிய செயலிகளைப் பயன்படுத்துவதோடு அமைந்திருந்த எம் பிள்ளைகள், அவற்றைத் தாமே ஆக்கவும் முற்பட்டுள்ளனர். யாழ் ஐ.ரி. ஹப் என்னும் அமைப்பு 2012 ஆம் ஆண்டில் தொடக்கிய ‘யாழ் கீக் சலஞ்ச்’ போட்டி, இத்துறையில் எம் மாணவர்க்குள்ள ஆர்வத்தை வெளிப்படுத்திய நிகழ்ச்சிகளுள் ஒன்று. இது மகிழத்தக்க வளர்ச்சியே. ஆயினும், செயலியொன்றை இயங்கச் செய்வது ஒரு வேலை. அதனை முன்பின் அறியாதவர் கையில் ஒப்படைப்பது வேறொரு வேலை. முன்னையதற்குக் கணக்கறிவும் பொறுமையும் போதும். பின்னையதற்கு உலகியலறிவும் ஒழுங்கும் வேண்டும். வகுப்பறைகளில் முன்னையதே பெரிதும் பேசப்படுவதால், பின்னையதைப் பற்றி இவ்வாரம் சில சொல்லக் கருதினோம்.

பொதுப்படப் பேசுவதினும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசுவது நன்று. எம்மூர் மாணவர் நால்வர் கூடி, குருதிக்கொடை செய்ய விரும்புவோரையும் குருதி வேண்டுவோரையும் இணைக்கும் செயலியொன்றை ஆக்குகின்றனர் என வைத்துக்கொள்வோம். நோக்கம் உயர்ந்தது. ஆனால் நோக்கம் உயர்ந்ததாயிருப்பதனாலேயே பல கேள்விகள் கேட்கப்படாமற் போய்விடுவதுண்டு. அக்கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயரும் எழுத்தும்

செயலியின் முதற் பக்கத்திலேயே இடர்ப்பாடு தொடங்குகிறது. மேனாட்டு மாதிரியைப் பின்பற்றி முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப்பெயருக்கு ஒரு கட்டமும் அமைத்து, இரண்டையும் நிரப்பினாலன்றி மேலே செல்ல இயலாதவாறு செய்துவிடுவர். தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகக் கொள்ளும் எம்மவர் பலருக்குக் குடும்பப்பெயர் என ஒன்றில்லை. மூதாட்டி ஒருவர் அக்கட்டத்தில் எதை எழுதுவார்? ‘முழுப்பெயர்’ என ஒரே கட்டம் அமைத்தால் இவ்வில்லங்கம் எழாது.

அடுத்தது எழுத்தின் அளவு. ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் ஆறு. கணினி எண்ணுவதோ பதினொன்று. ஒருங்குறி முறையில் புள்ளி தனிக் குறியீடு. காலும் தனிக் குறியீடு. ஊர்ப்பெயருக்குப் பத்துக் குறியீடுகள் போதுமென வரையறுத்துவிட்டால், யாழ்ப்பாணத்தின் ஈற்றுப் புள்ளி வெட்டுண்டு போகும். இதனை ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதிப்பவர் ஒருபோதும் காணமாட்டார்.

குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழில் 70 குறியீடுகளையே கொள்ளும். அதனை மீறினால் ஒரு செய்தி இரண்டாகக் கணக்கிடப்பட்டுச் செலவும் இரட்டிக்கும். “அவசரம், குருதி தேவை” என்னும் செய்தியை ஆயிரம் பேருக்கு அனுப்ப எண்ணும் மாணவர் இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவதே புதுமையாயிருந்த 2005 ஆம் ஆண்டில், மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் ‘செல்லினம்’ என்னும் செயலியை வெளிக்கொணர்ந்தார். அன்று தமிழைக் கருவிக்குள் புகுத்துவதே பெரும்பாடாயிருந்தது. இன்று அத்தடை நீங்கிவிட்டது. நீங்கிய பின்னரும் எம் பெயரை எம் செயலியே வெட்டுமாயின், பிழை கருவியினுடையதன்று.

கேட்பதும் காப்பதும்

இனி, யாவற்றினும் முதன்மையான கேள்விக்கு வருவோம். பயன்படுத்துவோரிடம் செயலி எவற்றைக் கேட்கலாம்? தொடர்பு எண்களின் பட்டியல், இருப்பிடம், படங்கள், ஒலிவாங்கி எனப் பலவற்றுக்கும் அனுமதி கேட்பது எளிது. பின்னொரு காலத்தில் உதவக்கூடும் என எண்ணி யாவற்றையும் கேட்டுவைப்பது பலரின் வழக்கமாகிவிட்டது.

இவ்வழக்கம் எங்கே கொண்டுசெல்லும் என்பதை இந்தியாவில் கடன் வழங்கும் செயலிகள் காட்டின. கடன் பெற்றவரின் தொலைபேசியிலிருந்த தொடர்பு எண்களை எடுத்துக்கொண்ட சில செயலிகளின் முகவர்கள், தவணை தவறியபோது அவருடைய உறவினரையும் நண்பரையும் அழைத்து அவரை இழிவுபடுத்தினர். தம் எண் அங்கே சேர்ந்திருப்பதை அவ்வுறவினர் அறியார். அவரிடம் எவரும் அனுமதி கேட்கவுமில்லை. இந்திய ரிசேர்வ் வங்கி 2022 செப்டெம்பரில் விடுத்த நெறிமுறைகளில், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புக் குறிப்புகளையும் தொடலாகாது எனப் பணித்தது. கூகிள் நிறுவனமும் தன் கடையிலுள்ள தனிநபர் கடன் செயலிகளுக்கு 2023 மே இறுதி முதல் அத்தகைய தடையை விதித்தது.

எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பகுதிகள் யாவும் ஒருங்கே நடைமுறைக்கு வரவில்லையாயினும் அதன் கோட்பாடு தெளிவானது: தரவைத் திரட்டும் நோக்கம் முன்னரே வரையறுக்கப்படல் வேண்டும், திரட்டுவது அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவைத் தாண்டலாகாது. உடல்நலம் பற்றிய தரவை அச்சட்டம் சிறப்பு வகையாக வைத்து, கூடிய காவலை விதிக்கிறது.

எமது நான்கு மாணவரும் இதனைத் தம் செயலிக்குப் பொருத்திப் பார்க்கட்டும். கொடையாளர் எங்குள்ளார் என அறியச் செய்மதி வழி இருப்பிடம் வேண்டியதில்லை. சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என ஊர்ப்பட்டியலிலிருந்து அவரே தெரிந்தால் அமையும். தொடர்புப் பட்டியல் ஒருசிறிதும் வேண்டியதில்லை. பெயர், குருதி வகை, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் எல்லோரும் காணும்படி வரிசையாக வெளியிடுவதோ பெருந்தவறு. கொடையுள்ளத்தோடு தன் எண்ணைத் தந்த இளம்பெண் ஒருத்தி, நள்ளிரவில் அறியாதவர் அழைப்பால் தொல்லையுற நேரும். அவள் மீண்டும் குருதி கொடுக்க முன்வருவாளா? எண்ணை மறைத்து, குருதி வேண்டுவோரின் கோரிக்கையைக் கொடையாளருக்கு அறிவித்து, விரும்பினால் அவரே அழைக்குமாறு செய்வதே முறை. ஆக்குவோர்க்கு இதில் வேலை சற்றுக் கூடுதல். ஆனால் அவ்வேலைதான் அச்செயலியின் உயிர்.

சேர்ந்தவர் விலகவும் வழியிருத்தல் வேண்டும். கணக்குத் திறக்க இடந்தரும் செயலி, அதனை அழிக்கவும் செயலிக்குள்ளேயே இடந்தருதல் வேண்டுமென அப்பிள் நிறுவனம் 2022 ஜூன் 30 முதல் கட்டாயப்படுத்தியது. கூகிளும் பின்னர் அவ்வழியே சென்றது. செயலி எவற்றைத் திரட்டுகிறது, எவர்க்குக் கொடுக்கிறது என்னும் அறிக்கையும் வெளியிடல் வேண்டும். எங்கிருந்தோ ஆங்கிலத்தில் படியெடுத்த பத்துப் பக்கத்தை ஒட்டிவிட்டு அமைதி கொள்வதில் பயனில்லை. பயன்படுத்துவோர் தமிழராயின், அவர் வாசித்து விளங்கக்கூடிய பத்து வரிகளைத் தமிழில் எழுதுவதே மரியாதை.

வெளியிடும் வழி

செயலியைக் கூகிளின் கடையில் வைக்கக் கணக்குத் திறப்பதற்கு ஒருமுறை 25 அமெரிக்க டொலர். அப்பிளின் கடைக்கு ஆண்டுதோறும் 99 டொலர். வருவாயில் 30 வீதம் என்றிருந்த கழிவை, சிறிய ஆக்குநர்க்கு 15 வீதமாக இரு நிறுவனங்களும் 2021 இல் குறைத்தன. இவ்வீதங்கள் மாறும் இயல்பின. வெளியிடும் வேளையில் நிறுவனத்தின் அறிவித்தலைப் பார்த்துக்கொள்க.

பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தியொன்று இங்குண்டு. கூகிளில் ஆக்குநர் கணக்குத் திறப்பவர் பதினெட்டு வயது நிறைந்தவராயிருத்தல் வேண்டும். ஆகவே பாடசாலைப் பிள்ளையின் செயலி தந்தையின் பெயரிலோ தாயின் பெயரிலோ வெளிவரின், அதற்குப் பொறுப்பாளியும் அவரே. செயலியால் பணம் ஈட்டுவதாயின் கணக்காளரின் முழு முகவரியும் கடையில் எவரும் காணுமாறு வெளியாகும். “பிள்ளை ஏதோ கேட்டான், கையெழுத்திட்டேன்” என்பது இங்கே பொருந்தாது.

தனியார் ஒருவர் 2023 நவம்பர் 13 இன் பின் திறந்த கணக்காயின் மற்றொரு விதியும் உண்டு. பொதுமக்களுக்கு வெளியிடுமுன் குறித்த தொகையினர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையாளராகப் பதிந்திருத்தல் வேண்டும். முதலில் இருபதாயிருந்த அத்தொகை 2024 டிசெம்பரில் பன்னிரண்டாயிற்று. இது வீண் தாமதம் எனக் குறைகூறும் இளைஞர் பலர். எமது கருத்தோ வேறு. அப்பன்னிருவரும் உடன்படிக்கும் நண்பராகவே இருப்பின் அது வீண் தாமதமே. அயல்வீட்டு ஆச்சி, மீன்பிடிக்கும் மாமா, பழைய தொலைபேசி வைத்திருக்கும் ஆசிரியை ஆகியோரும் அவர்களுள் இருப்பின், வகுப்பறையில் ஓராண்டு கற்றாலும் கிடைக்காத பாடம் அப்பதினான்கு நாளிற் கிடைக்கும்.

சாவி யார் கையில்?

நால்வர் கூடிச் செய்யும் தொழிலில் கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும். கடவுச்சொல் அவர் நினைவில் இருக்கும். செயலியில் முத்திரையிடும் சாவிக்கோப்பு அவர் கணினியில் இருக்கும். முன்னாளில் அச்சாவி தொலைந்தால் செயலியைத் திருத்தி வெளியிட வழியேயில்லை. 2021 ஓகஸ்டின் பின் கூகிள் கடைக்கு வரும் புதிய செயலிகளின் முத்திரைச் சாவியை அந்நிறுவனமே காப்பதால், ஆக்குநர் கையிலுள்ள பதிவேற்றுஞ் சாவி தொலைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைக்கு வெளியே நேரடியாகப் பகிரப்படும் செயலிக்கு அப்பாதுகாப்பு இல்லை.

சாவி தொலைவதினும் ஆள் தொலைவில் போவதே எம்மூரில் அடிக்கடி நிகழ்வது. கணக்கு வைத்திருப்பவருக்கு ஒருநாள் கனடாவிலோ இலண்டனிலோ படிக்க இடம் கிடைக்கிறது. புதிய ஊர், புதிய வேலை. பழைய கடவுச்சொல்லை எவர் நினைப்பார்? எஞ்சிய மூவரும் தாம் ஆக்கிய செயலியைத் தாமே தொட இயலாது நிற்பர். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை தருகிறது. கூட்டாக ஆக்கியவர் கூட்டாகவே உரிமையாளர். ஆனால் உரிமை சட்டப்புத்தகத்தில் இருந்து என்ன பயன், சாவி கடலுக்கு அப்பால் இருக்குமாயின்? நட்பு நன்றாயிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி நால்வரும் ஒப்பமிடுதல் நன்று: கணக்கு எவர் பெயரில், சாவியின் பிரதி எங்கே, ஒருவர் விலகின் எவரிடம் ஒப்படைப்பது, வருவாய் வரின் எப்படிப் பங்கிடுவது. இதனை நம்பிக்கையின்மை என எண்ணுதல் வேண்டாம். காணிக்கு உறுதி எழுதும் எம்மவர்க்கு இது புதிதன்று.

இறைக்கின்ற கிணறு

வெளியிட்டதோடு வேலை முடிந்தது என நினைப்பதும் தவறு. அண்ட்ரொயிட் ஆண்டுதோறும் புதுப்பதிப்புப் பெறுகிறது. அதற்கேற்பத் திருத்தப்படாத பழைய செயலிகளைப் புதிய தொலைபேசி வாங்கியவர் கடையில் காணமாட்டார். விடயமும் பழையதாகும். கொடையாளர் ஊர் மாறுவார், நோயுறுவார், முதுமையடைவார். மூன்றாண்டு திருத்தப்படாத பட்டியலை நம்பி ஓரிரவில் பத்துப் பேரை அழைத்து ஒருவரும் கிடைக்காத குடும்பத்துக்கு, அச்செயலி இல்லாதிருந்தாலே நன்றாயிருந்திருக்கும். அந்நேரத்தில் வேறு வழி தேடியிருப்பர். இறைக்கின்ற கிணறே ஊறும் என்பதைக் கிணற்றை நம்பி வாழும் எம் குடாநாட்டார்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கவனிக்க ஆளில்லாத நிலை வரின், பயன்படுத்துவோர்க்கு அறிவித்து, அவர்தம் தரவுகளை அழித்து, செயலியை முறையாக மூடிவிடுவதே நேர்மை.

மாணவர்க்கு ஒன்று சொல்லி முடிக்கின்றோம். செயலியை வெளியிடுமுன் ஒரு தாளை எடுத்து, அது பிறரிடம் கேட்பவை யாவற்றையும் இடப்புறம் எழுதுக; ஒவ்வொன்றும் எதற்காக என்பதை வலப்புறம் எழுதுக. அத்தாளை வீட்டிலுள்ள தாயிடமோ தமக்கையிடமோ வாசித்துக் காட்டுக. அவர்க்கு விளங்கும்படி காரணஞ் சொல்ல இயலாத ஒவ்வொன்றையும் செயலியிலிருந்து நீக்கிவிடுக. கேளாத ஒன்றைக் காக்கும் பொறுப்பு எவர்க்குமில்லை.